பாரதி தலையில் கட்டிய பாட்டு: மேற்கோள் காட்டும்போது சறுக்குகிற இடங்கள்

கொடைவிழா மலர், பள்ளி ஆண்டு மலர், மணிவிழா மலர் என்று நாகர்கோவில் பக்கம் அச்சாகிற மலர்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பது என்னுடைய பழைய பழக்கம். ஒற்றுப்பிழை பார்த்தவுடன் கண்ணில் குத்தும். மேற்கோளில் இருக்கிற பிழை அப்படியில்லை. வெள்ளை வேட்டி சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். எழுந்து போ என்று சொல்ல நமக்கே தயக்கமாக இருக்கும்.

மகளிர் தினம் வந்தால், "மங்கையராகப் பிறப்பதற்கே நல்ல மாதவம் செய்திட வேண்டுமம்மா" என்று பாரதி பாடியதாக ஒரு கட்டுரையாவது வந்துவிடும். பாடியவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. 1876-இல் தேரூரில் பிறந்தவர். சென்னையில் யாராவது மாற்றிச் சொன்னால் போகட்டும் என்று விடலாம். சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தத் தேரூரைத் தாண்டி பஸ்ஸில் வந்து, நாகர்கோவில் மேடையில் நின்றுகொண்டு, கவிமணி பாட்டைப் பாரதி தலையில் கட்டுகிறவரை என்ன செய்வது?

பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் இதைச் செய்வதில்லை. பெண்ணைப் போற்றுகிற பாட்டு என்றதும் மனசு தானாகப் பாரதியிடம் போகிறது. பழைய பாட்டு என்றால் ஔவையார், ஊக்கமூட்டும் வரி என்றால் அப்துல் கலாம். பட்டிமன்றங்களில் வால்டேர் பெயரால் ஒன்று வருமே: நீ சொல்வதை ஏற்கமாட்டேன், ஆனால் அதைச் சொல்லும் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன் என்று. வால்டேர் இறந்தது 1778-இல். அந்த வாசகம் 1906-இல் எவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற ஆங்கில எழுத்தாளர் வெளியிட்ட நூலில் இருக்கிறது. வால்டேரின் மனப்போக்கைத் தன் சொல்லில் சுருக்கி, மேற்கோள் குறிக்குள் போட்டார். வந்தது வினை. ஒரு வரி ஒரு பெயருக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தினால், அங்கேதான் நூலைத் திறந்து பார்க்க வேண்டும்.

மொழிபெயர்ப்பில் வேறு மாதிரி வழுக்கும். "கையில் கம்பன் கவியுண்டு, கலசம் நிறைய மதுவுண்டு" என்ற கவிமணியின் வரிகளை எடுத்துப்போட்டு, பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமே கம்பனைப் புகழ்ந்திருக்கிறார் என்று ஒருவர் பூரித்து எழுதியிருந்தார். எனக்கும் ஆசைதான். ஆனால் கவிமணி தமிழாக்கியது பிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலத்திலிருந்து. அதில் இருப்பது ஏதோ ஒரு கவிதைப் புத்தகம், அவ்வளவே. அந்தப் புத்தகத்தைக் கம்பனாக்கியது தேரூர்க்காரரின் குறும்பு. அவர் செய்தது கவிஞனுக்குள்ள உரிமை. நாம் அதைக் கய்யாமின் சாட்சியாகக் காட்டக்கூடாது. 'கவிமணியின் தமிழில் உமர் கய்யாம்' என்று எழுதிவிட்டால் இரண்டு பேருக்கும் உரியது போய்ச் சேரும்.

'எழுமின், விழிமின்' கதையும் ஏறக்குறைய இதுதான். 1892-இல் விவேகானந்தர் நம்ம கடற்பாறையில் தவம் இருந்ததால் அவர் வாசகம் இங்கே சுவருக்குச் சுவர் உண்டு. ஆனால் முதல் இரண்டு சொல்லும் கடோபநிஷத்தில் உள்ளவை. அங்கே அடுத்து வருவது, மேலோரை அடைந்து அறிந்துகொள்ளுங்கள் என்பது. குறியை எட்டும்வரை நில்லாதீர்கள் என்ற முடிவு விவேகானந்தர் கொடுத்தது. முழுவதும் அவருடையது என்பதும் தவறு, அவருடையது எதுவுமில்லை என்பதும் தவறு.

வள்ளுவருக்கு 133 அடியில் சிலை வைத்திருக்கிற மாவட்டம் இது. அதனாலோ என்னவோ, குறளை நினைவிலிருந்தே எழுதிவிடலாம் என்று ஒரு தைரியம். 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' என்பது 423, அறிவுடைமை. 'எப்பொருள் எத்தன்மைத் தாயினும்' என்பது 355, மெய்யுணர்தல். பின்பாதி இரண்டுக்கும் ஒன்றேதான். நினைவு ஒன்றின் தலையை மற்றதன் எண்ணில் வைத்துவிடும். இதே தவறை நானும் அச்சில் செய்திருக்கிறேன்.

விட்டதை விட்டேன் என்று சொல்லாமல் இருப்பது இன்னொன்று. தமிழ்த்தாய் வாழ்த்தாக நாம் பாடுவது, 1891-இல் வந்த மனோன்மணீயத்துப் பாட்டு முழுவதும் அல்ல. சில வரிகளை விட்டுத்தான் 1970-இல் அரசு ஏற்றது. பாடுவதில் குறையில்லை. 'சுந்தரனாரின் முழுப்பாடல்' என்று தலைப்புப் போடுவதில்தான் குறை. நடுவில் விட்டால் மூன்று புள்ளி வைத்தால் போதும்.

இந்தப் புள்ளியும் மேற்கோள் குறியும் அச்சு வந்த பிறகு நமக்குப் பழக்கமானவை. ஓலைச்சுவடியில் குறி ஏது? சொல்லே குறியாக இருந்தது. தொல்காப்பியர் வரிக்கு வரி 'என்ப', 'என்மனார் புலவர்' என்று போடுவது, இது எனக்கு முன்னே சொன்னவர்கள் சொன்னது என்று ஒப்புக்கொள்வதுதான். அந்த நூலைக் கேட்டு ஏற்றவர் அதங்கோட்டாசான் என்கிறது பாயிரம். அது விளவங்கோடு வட்டத்து அதங்கோடுதான் என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சந்தேகமே கிடையாது. பின்னால் வந்த உரையாசிரியர்கள் மாணவனுக்குத் தெரியும்தானே என்று நூலின் பெயரைச் சொல்லாமலே வரிகளை எடுத்துக்காட்டினார்கள். நச்சினார்க்கினியர் காட்டிய வரிகள் எந்த நூலில் இருக்கின்றன என்று தேடி உ.வே.சாமிநாதையர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனாலும் அவர்கள் வரியைச் சிதைக்கவில்லை. வளையாபதியிலும் குண்டலகேசியிலும் இன்று கிடைக்கிற சில பாடல்கள், யாரோ எடுத்தாண்டும் தொகுத்தும் வைத்ததால் பிழைத்தவைதான்.

நம்ம 'என்று' ஒரு பொல்லாத சொல். சொன்னதை அப்படியே சொல்லவும் அதுதான், சாரத்தைச் சொல்லவும் அதுதான். மேற்கோள் குறி போட்டால் உள்ளே இருப்பது பேசியவரின் சொல்லாகவே இருக்க வேண்டும். தலைவர், "தான் கட்டாயம் வருவதாக" கூறினார் என்று அச்சாகிறது. தன்னைத் 'தான்' என்று சொல்லிக்கொண்டு யார் பேசுவார்? ஒன்று, "நான் கட்டாயம் வருவேன்" என்று குறிக்குள் போடுங்கள். இல்லை, குறியை எடுத்துவிடுங்கள்.

வட்டாரப் பேச்சைக் குறிக்குள் போட்டுத் திருத்துவது இதைவிட மோசம். மாவட்டத்தின் மேற்குப் பக்கம் குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்பார்கள், மொண்டு எடுப்பதற்குக் கோருவது என்பார்கள். ஒரு மலருக்காக வெளியூர்த் தம்பி ஒருவர் வயதான அம்மையிடம் பழைய கதை கேட்டிருக்கிறார். அவர் சொன்னது: "அப்பம் வீட்டுல வெள்ளம் கெடையாது. கெணத்துல போயி கோரணும்." கிணற்றிடம் போய் என்ன கோருவது என்று விளங்காமல் தம்பி இரண்டாவது வாக்கியத்தை வெட்டிவிட்டார். முதலாவதைச் செந்தமிழாக்கினார்: "அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் வெள்ளம் புகுந்ததே இல்லை." மேற்கோள் குறியும் போட்டிருந்தார். தண்ணீருக்கு அலைந்த கதை வெள்ளம் வராத கதையாகிவிட்டது. நல்லவேளை, பதிவு செய்த ஒலி அவர் போனில் இருந்தது. வரியை அப்படியே போட்டு, பக்கத்தில் பொருள் எழுதச் சொன்னேன்.

அதே மலரில் மங்கையர் வரியும் இருந்தது. 'பாரதியார்' என்பதை அடித்துவிட்டு மேலே 'கவிமணி' என்று எழுதி அனுப்பினேன். மலர் வந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினேன். யாரோ இரண்டு பேரையும் சமாதானப்படுத்தி வைத்திருந்தார்கள்: 'கவிமணி பாரதியார்.'