செகண்ட் ஹேண்ட் ஃப்ளை ராட் வாங்கப் போகிறீர்களா? இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

ஒன்டாரியோவில் ஃப்ளை ஃபிஷிங் (இறகு, மயிரால் பூச்சி போலக் கட்டிய ‘ஃப்ளை’யை எறிந்து மீன் பிடிப்பது) பழக ஆசைப்படுகிற நம்மவர்கள் பலர் கடையில் விலையைப் பார்த்ததும் அப்படியே திரும்பிவிடுகிறார்கள். பெயர்போன கம்பெனியின் உயர்ரக ராட், அதாவது தூண்டில் கோல், ஒன்றே ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது, லைன் என்கிற எறியும் கயிறு, அதைச் சுற்றி வைக்கும் ரீல், தண்ணீரில் இறங்கப் போடும் நனையாத கால்சட்டையான வேடர்ஸ் எல்லாம் அது போக. ஆனால் ஆசையாக வாங்கி, இரண்டு மூன்று முறை ஆற்றில் இறங்கிவிட்டு, அப்புறம் கராஜில் சாத்தி வைத்துவிடுகிறவர்கள் இங்கே நிறைய. அந்த ராட்தான் கிஜிஜி, ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற பழைய பொருள் விற்கும் தளங்களில் விலைக்கு வருகிறது. என் கணக்கு ஒன்றுதான்: ராடையும் ரீலையும் பழையதாக வாங்குங்கள், அதில் மிச்சமாகும் பணத்தில் லைனைப் புதிதாக வாங்குங்கள்.

முதலில் எந்த அளவு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். ஃபெர்கஸ் பக்கம் ஷாண்ட் அணைக்குக் கீழே கிராண்ட் ஆற்றில் பிரவுன் ட்ரவுட் மீன் பிடிக்க 9 அடி, 5 வெயிட் ராட் போதும், கிரெடிட் ஆற்றுக்கும் அதுவே சரி. ஃப்ளைக்குத் தானாகப் பறந்து போகிற அளவு எடை கிடையாது, லைனின் எடைதான் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது, அதனால் ராட் மேல் போட்டிருக்கும் எண் அது எந்த லைனை எறியும் என்பதைக் காட்டுவது. 5 வெயிட் லைனின் முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்கும். இங்கே ஸ்டீல்ஹெட் (ஏரியிலிருந்து ஆற்றுக்கு ஏறி வரும் பெரிய ரெயின்போ ட்ரவுட்) பிடிப்பவர்கள் அதிகம் என்பதால் 7, 8 வெயிட் ராடுகளும் மலிவாக வரும். மலிவு என்பதற்காக அதை எடுக்காதீர்கள், சின்ன ட்ரவுட்டுக்கு அது தடிதான்.

இனி ராட். நேரமெடுத்துப் பார்க்க வேண்டியது இதைத்தான், வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நான்கு துண்டு ராட் என்றால் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள், பொதுவாக எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம் இருக்கும். நுனித்துண்டு மட்டும் இரண்டு மூன்று அங்குலம் குட்டையாக இருந்தால் அது ஒருமுறை உடைந்து, மிச்சத்தில் புது முனைவளையம் ஒட்டப்பட்டது என்று அர்த்தம். விற்பவர் தூரத்தில் இருந்தால் துண்டுகளை இப்படி நிறுத்திப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு விரல் நகத்தை ராடின் நீளத்துக்கும் மெதுவாக ஓட்டுங்கள். எடை கட்டிய ஃப்ளை எறியும்போது ராடில் பட்டால் கிராஃபைட்டில் சின்னக் காயம் விழும், கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தட்டுப்படும். ஒருநாள் மீன் இழுக்கும்போது ராட் அந்த இடத்தில்தான் ஒடியும். நகம் சிக்கினால் விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

மூட்டுகளில், உள்ளே வாங்கும் பக்கத்தின் வாயில் மயிரிழை போல நீளவாக்கில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். மாட்டிய பிறகு பல ராடுகளில் மூட்டில் கொஞ்சம் இடைவெளி மிஞ்சும், அப்படிப்பட்ட ராடில் முழுதாக உள்ளே போய் முட்டி நின்றால் தேய்ந்திருக்கலாம். பிடியைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள், டக் டக் என்று சத்தம் வரக்கூடாது. லைன் ஓடும் வளையங்களுக்குள் ஒரு பழைய நைலான் காலுறைத் துண்டை இழுத்தால் எங்கே கீறல் இருக்கிறதோ அங்கே சிக்கும், அந்தக் கீறல்தான் புது லைனை அறுக்கும். கார்க் பிடியின் அழுக்கு ஒரு பொருட்டே இல்லை, பாத்திரம் கழுவும் சோப்பில் போய்விடும். வாழ்நாள் வாரண்டி என்று விற்பவர் சொன்னால் அதை நம்பி விலை ஏற்றாதீர்கள், பல கம்பெனிகள் அதை முதலில் வாங்கியவருக்கு மட்டுமே தருகின்றன.

ரீலில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். ட்ரவுட்டுக்கு அது பெரும்பாலும் லைனைச் சுற்றி வைக்கிற வேலைதான் செய்கிறது. ஃப்ளூகர் மெடலிஸ்ட் 1494 மாதிரி பழைய ரீல் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். ஸ்பூலை (லைன் சுற்றும் உருளையை) கழற்றி உள்ளே துருவோ வெள்ளைப் பொடியோ இருக்கிறதா, சுற்றும்போது விளிம்பு உரசுகிறதா, ராடில் உட்காரும் கால் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

லைன் மட்டும் பழையது வேண்டாம். ரீலோடு இலவசமாக வந்தாலும், இரண்டு விரலுக்கு நடுவில் மடக்கிப் பாருங்கள், மேல்பூச்சில் வெடிப்பு தெரியும். அப்படிப்பட்ட லைன் தண்ணீரில் மிதக்காது, சுருண்டுகொண்டே நிற்கும், எறியப் பழகுகிறவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்து விட்டுவிடுவார். எனக்கு இதுதான் பெரிய வருத்தம். லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் கட்டும் மெல்லிய நைலான் இழைகளான லீடர், டிப்பெட்டையும் புதிதாகவே வாங்குங்கள், வெயிலில் கிடந்தது சட்டென்று அறுந்துவிடும்.

வேடர்ஸை இருட்டறையில் உள்ளே டார்ச் விட்டுப் பார்த்தால் ஓட்டைகள் புள்ளியாகத் தெரியும், தையலில் ஒன்றிரண்டு என்றால் பசை போட்டு அடைக்கலாம், பாதத்தில் நிறைய என்றால் விடுங்கள். பூட்ஸ் வாங்கினால் நன்றாகக் கழுவி முழுக்கக் காயவிட்டே ஆற்றில் இறங்குங்கள், வேறு நீர்நிலையின் பாசியும் கிருமியும் அதில்தான் பயணம் செய்யும். இறகு, மயிர் போன்ற ஃப்ளை கட்டும் சாமான்களும் சேர்ந்து வந்தால் பையில் இறுகக் கட்டி ஃப்ரீசரில் சில நாள் வையுங்கள், பூச்சி இருந்தால் மற்றதையும் அரித்துவிடும்.

எப்போது வாங்குவது? தெற்கு ஒன்டாரியோவின் பெரும்பகுதியில் ட்ரவுட் சீசன் ஏப்ரல் நான்காம் சனிக்கிழமை திறந்து செப்டம்பர் 30 அன்று மூடுகிறது. மார்ச், ஏப்ரலில் எல்லோரும் தேடுவார்கள், விலை இறங்காது. அக்டோபர், நவம்பரில் கேளுங்கள், கராஜைக் காலி செய்கிறவர்கள் ராட், ரீல், பெட்டி எல்லாவற்றையும் மொத்தமாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். மொத்தமாக எடுத்து, வேண்டாததை நீங்கள் விற்றுக்கொள்ளலாம்.