எல்லாரும் 'தளபதி' இல்லீங்க

நம்ம ஊர்ல தளபதின்னாலே கட்அவுட்டுதான் முதல்ல கண்ணுக்கு வரும், அது கிடக்கட்டும். டிஎன்பிஎஸ்சிக்கு படிக்கிற பசங்ககிட்ட முப்படைகளோட உச்சத் தளபதி யாருன்னு கேட்டா ஒருத்தன் பிரதமர்ங்கறான், ஒருத்தன் பிபின் ராவத் இருந்தாரே அந்த போஸ்ட்டுங்கறான். ரெண்டுமே தப்பு. அரசியலமைப்புச் சட்டம் 53(2) படி அது குடியரசுத் தலைவர்தான். ஆனா அமெரிக்க அதிபர் மாதிரி தானே முடிவெடுத்து படையை அனுப்பிடுவார்னு நினைக்காதீங்க, இங்க அமைச்சரவை சொல்றபடிதான் அவர் நடக்கணும்.

ராவத் 2020 ஜனவரி 1-ல ஏத்துக்கிட்ட பதவி சிடிஎஸ், அதாவது 'சீஃப் ஆஃப் டிஃபென்ஸ் ஸ்டாஃப்'. நம்ம பேப்பர்ல 'முப்படைத் தலைமைத் தளபதி'ன்னு போடுறாங்க, குழப்பமே அங்கதான் ஆரம்பிக்குது. மூணு தளபதிகளுக்கும் உத்தரவு போடுற அதிகாரம் அவருக்கு கிடையாதுன்னு அந்த பதவியை உருவாக்கும்போதே அரசு சொல்லிடுச்சு, பாதுகாப்பு அமைச்சருக்கு ஆலோசனை சொல்றதும் மூணு படையையும் ஒருங்கிணைக்கிறதும்தான் முக்கிய வேலை, நட்சத்திரமும் அவங்களுக்கு இருக்கிற அதே நாலுதான்.

அடுத்தது கமாண்டர்-இன்-சீஃப். வெள்ளைக்காரன் காலத்துல இந்தப் பேர்ல ஒருத்தர்தான் மொத்தத்துக்கும் மேல. 1947 ஆகஸ்ட்ல அதை தரைப்படை, கடற்படை, விமானப்படைன்னு மூணாப் பிரிச்சாச்சு, அதனால 1949 ஜனவரி 15-ல கரியப்பா ஏத்துக்கிட்டது தரைப்படைக்கு மட்டும்தான், முப்படைக்கும் இல்ல. 1955-ல அந்தப் பேரையே எடுத்துட்டு 'சீஃப் ஆஃப் ஸ்டாஃப்'னு மாத்திட்டாங்க. ஆனா முழுசா போகல, ஈஸ்டர்ன் கமாண்ட் (கிழக்குப் பகுதிக்கான படைப்பிரிவு) மாதிரி ஒவ்வொரு கமாண்டோட தலைவர் பேர்லயும் அந்த 'இன்-சீஃப்' வால் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு, அதைப் பார்த்துட்டு நாட்டுக்கே தலைமைத் தளபதின்னு மொழிபெயர்த்துடாதீங்க. 1971-ல டாக்காவுல பாகிஸ்தான் படை சரணடைஞ்சப்போ கையெழுத்து வாங்குன அரோரா அந்த மாதிரி ஒரு கமாண்டோட தலைவர்தான்.

எனக்கு ரொம்ப கடுப்பாகுறது 'பீல்டு மார்ஷல் மானெக்‌ஷா 1971 போரை நடத்தினார்'ங்கிற வரிதான். போர் நடந்தப்போ அவர் தரைப்படைத் தளபதியா இருந்த ஜெனரல், பீல்டு மார்ஷல் கிடைச்சது 1973 ஜனவரியில, அதே மாசமே தளபதி நாற்காலியை விட்டு எழுந்துட்டார். அது பதவி இல்லீங்க, கௌரவம். கரியப்பா 1953-லயே படையில ஓய்வு வாங்கிட்டவர், அவருக்கு 1986-லதான் வந்துச்சு, அதுக்காக 33 வருஷம் கழிச்சு படை நடத்தப் போனாரா என்ன? பீல்டு மார்ஷலுக்கு ஓய்வே கிடையாதுங்கறது உண்மைதான், சாகுற வரைக்கும் சர்வீஸ் கணக்குலதான் இருப்பாங்க. குன்னூர்ல குடியிருந்து 2008-ல வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில கண்ணை மூடுற வரைக்கும் மானெக்‌ஷா அப்படித்தான் இருந்தார், உத்தரவு போட மட்டும் ஒரு படையும் கிடையாது.