பரண் ஏறதுக்கு முன்னாடி: புது கியர் வாங்கினவங்க பண்ற தப்புங்க

இங்க மிச்சிகன்ல அக்டோபர் 1 அன்னிக்கு வில்லால மான் வேட்டையாடற சீசன் தொடங்குது. ஆகஸ்ட் கடைசி வந்தாலே எனக்கு போன் வர ஆரம்பிச்சிடும், "அண்ணா ட்ரீ ஸ்டாண்ட் வந்துடுச்சு, ஹார்னஸ் வந்துடுச்சு, எல்லாம் ரெடி"ன்னு. பெட்டியப் பிரிச்சியாப்பான்னு கேப்பேன். பாதிப் பேரு பிரிச்சிருக்க மாட்டாங்க. முதல் வருஷம் நானும் அப்படித்தான் இருந்தேன், அதனாலதான் இத எழுதறேன்.

ட்ரீ ஸ்டாண்ட் பாக்காதவங்களுக்கு: ஊர்ல சோளக்காட்டுக் காவலுக்கு பரண் போடுவாங்கல்ல, அதே வேலைதான். மரத்தண்டுல ஸ்ட்ராப் போட்டு இறுக்கற ஒரு சின்ன தட்டு, மேல ஒரு சீட்டு. 18, 20 அடி உயரத்துல மான் வர்ற வரைக்கும் அசையாம உக்காந்திருக்கணும். ஹார்னஸ்ங்கறது விழுந்தா பிடிச்சுக்க உடம்புல மாட்டற பட்டை, அத மரத்தோட இணைக்கற ஸ்ட்ராப்தான் டெதர். ஹார்னஸ் போடு, கை கால் நாலுல மூணு எப்பவும் ஏணில இருக்கணும், வில்ல தோள்ல மாட்டிக்கிட்டு ஏறாம கயித்துல கட்டி அப்புறமா மேல இழு, இதெல்லாம் ஹன்டர் சேஃப்டி கிளாஸ்லயே சொல்லிடுவாங்க, அத விடறேன்.

ஹார்னஸ்ல ஒருதடவகூட தொங்கிப் பாக்காம காட்டுக்குப் போறது

இத எத்தன தடவ சொன்னாலும் எனக்கு ஆறல.

முதல் சீசன்ல நான் ஒரு பன்னெண்டு நாள் பரண்ல உக்காந்திருப்பேன். ஒவ்வொரு நாளும் ஹார்னஸ் போட்டிருந்தேன், டெதர மரத்துல மாட்டியிருந்தேன், அதனால பத்திரமா இருக்கேன்னு முழுசா நம்பினேன். டெதர் ஸ்ட்ராப்ப நான் மாட்டினது நின்னா நெஞ்சு உயரம் வர்ற இடத்துல, கைக்கு சுலபமா எட்டுதுன்னு. அடுத்த கோடையில அம்பு விட்டுப் பழகற ரேஞ்சுல ஒரு பெரியவர் பேச்சுவாக்குல, அதுல தொங்கிப் பாத்திருக்கியான்னு கேட்டாரு. இல்லன்னேன். அவர் மூஞ்சி மாறிடுச்சு.

அந்த வாரமே வீட்டுப் பின்னாடி இருக்கற மேப்பிள் மரத்துல பரண 4 அடி உயரத்துல கட்டினேன், பக்கத்துல ஏணி, ஏணியப் பிடிச்சுக்கிட்டு என் மனைவி. குதிக்கல, மெதுவா உடம்ப இறக்கி ஹார்னஸ்ல வெயிட்ட விட்டேன். நெஞ்சு உயரத்துல மாட்டின டெதர் ஆனதால நான் இறங்கி இறங்கிப் போய் கடைசில நின்னப்போ தட்டு என் இடுப்புக்கு வந்துடுச்சு. கையால பிடிக்க முடியுது, ஆனா கால மேல போட முடியல, உடம்பு சுத்திக்கிட்டு முதுகு மரத்துப் பக்கம் போயிடுச்சு. கால் ஸ்ட்ராப்ப லூசா விட்டிருந்தேன், அது மேல ஏறி தொடையிடுக்குல வெட்டுது. ரெண்டு மூணு நிமிஷத்துலயே கால் மரத்துப் போக ஆரம்பிச்சுது. ஏணி இல்லன்னா நானா மேல ஏறியிருக்கவே மாட்டேன். இதே செட்டப்ல, யாரும் இல்லாத காட்டுல, 20 அடி உயரத்துல முழு சீசன் உக்காந்திருக்கேன்.

விழுந்தா ஹார்னஸ் பிடிச்சுக்கும், உண்மைதான். ஆனா அசையாம தொங்கிட்டே இருந்தா கால் ஸ்ட்ராப் அழுத்தி ரத்தம் கால்லயே தேங்கிடும், இதயத்துக்குத் திரும்பி வராது, மயக்கம் வரும், அப்படியே உயிரும் போகலாம். இதுக்குன்னுதான் ஹார்னஸ் கூடவே ரிலீஃப் ஸ்ட்ராப்னு ஒரு வளையம் குடுக்கறாங்க, தொங்கறப்போ அதுல கால வெச்சு எழும்பி நின்னா தொடைமேல அழுத்தம் குறையும். புதுசா வர்றவங்க இத என்னன்னே தெரியாம பாக்கெட்லயே விட்டுடறாங்க, இல்லன்னா பைல போட்டு பைய மரத்துல மாட்டிடறாங்க. தொங்கறப்போ பை எட்டாதுப்பா. ஹார்னஸ்லயே, கைக்கு எட்டற இடத்துல இருக்கணும்.

சரியான அளவு இதுதான்: சீட்ல உக்காந்தா டெதர் கிட்டத்தட்ட விறைப்பா இருக்கணும், தொய்வே இருக்கக் கூடாது. அதுக்கு மரத்துல மாட்டற இடம் தலைக்கு மேல வரும். நான் அப்படி மாத்தி மறுபடி தொங்கினப்போ தட்டு முழங்கால் உயரத்துல நின்னுச்சு, ஒரு கால வெச்சு நானே ஏறிட்டேன். மாத்தினது ஒரு ஸ்ட்ராப்போட உயரம், அவ்ளோதான்.

போன வருஷம் ஒரு தம்பி, நல்ல பையன், செப்டம்பர்ல ரெண்டு தடவ அவன்கிட்ட இத சொன்னேன், சரிண்ணா சரிண்ணான்னான். அக்டோபர் 1 காலைல 5 மணிக்கு பார்க்கிங்ல வந்து இறங்கினான், ஹார்னஸ் இன்னும் சீல் பிரிக்காத பிளாஸ்டிக் கவர்ல. நான் டார்ச் அடிக்க அவன் கால எதுல விடறது கைய எதுல விடறதுன்னு இருபது நிமிஷம் போராடினான், ஸ்ட்ராப் முறுக்கிக்கிட்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிடுச்சு. ஏற விடமாட்டேன்னுட்டேன். வருஷம் முழுக்க காத்திருந்த நாள், ரெண்டு பேரும் ஒரு விழுந்த மரத்துக்குப் பின்னாடி தரையில உக்காந்து போச்சு. அவனுக்கு என்மேல வருத்தம். எனக்கு அவன்மேல கோவம், இப்ப நினைச்சாலும் வருது.

இன்னொண்ணு, பலபேரு விழறது உக்காந்திருக்கறப்போ இல்ல, ஏறி இறங்கறப்போவும், ஏணிலேர்ந்து தட்டுக்கு கால் மாத்தறப்போவும்தான். அதுக்கு லைஃப்லைன் வாங்குங்க, பரணுக்கு மேலேர்ந்து மரத்தடி வரைக்கும் வர்ற கயிறு, அதுல ப்ரூசிக் முடிச்சு கூடவே நகரும், இழுத்தா இறுகிக்கும். தரையிலயே மாட்டிட்டு ஏறணும். அந்த முடிச்ச க்ளவுஸ் போட்ட கையால நகத்திப் பாத்துட்டு வாங்க. தொங்கிப் பாக்கறதும் ரெண்டு தடவ, மெல்லிசு சட்டையோட ஒண்ணு, நவம்பர் ஜாக்கெட்டோட ஒண்ணு, ஏன்னா ஸ்ட்ராப் அளவு மொத்தமா மாறிடும். தனியா மட்டும் பண்ணாதீங்க.

டீ ஷர்ட்ல, தரையில நின்னு மட்டும் அம்பு விட்டுப் பழகறது

மேலேர்ந்து விடறதால தூரம் தப்பாயிடும்னு பயந்து கோணத்தையும் கணக்குப் போடற ரேஞ்ச்ஃபைண்டரா (தூரம் அளக்கற கருவி) தேடி செலவு பண்றாங்க. மரத்தடியிலேர்ந்து 20 யார்டுல மான் நிக்குது, நீங்க 20 அடி மேல இருக்கீங்கன்னா கோணம் பாக்காத சாதா ரேஞ்ச்ஃபைண்டர் காட்டற தூரம் 21 யார்டு. ஒரே ஒரு யார்டு. அதுக்கெல்லாம் அம்பு தப்பாது. தப்பறது உடம்பு நிக்கற விதத்தால, இடுப்ப வளைக்காம கைய மட்டும் கீழ இறக்கினா ஆங்கரே, அதாவது நாண இழுத்து முகத்துல கை நிக்கற இடமே, மாறிப்போகும். இடுப்புலேர்ந்து குனிஞ்சு விடணும். அத பரண்ல ஹார்னஸ் போட்டு, டெதர் தோளுக்குப் பின்னாடி இருக்கறப்போ, குளிர் ஜாக்கெட்ட மாட்டிக்கிட்டு பழகுங்க, நாண் ஜாக்கெட் கைய உரசுதான்னு அப்பதான் தெரியும். என் முதல் நவம்பர்ல உரசுச்சு, மான் போயிடுச்சு.

பிராட்ஹெட்

வேட்டைக்குப் போடற பிளேடு வெச்ச அம்பு முனை இது. பழகறப்போ போடற சாதா முனை (ஃபீல்டு பாயின்ட்) விழற இடத்துலயே இதுவும் விழும்னு நம்பாதீங்க, விட்டுப் பாருங்க.

பைய வெளிச்சத்துல அடுக்கறது

சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாடியே சுட அனுமதி, அப்படின்னா நீங்க ஏறி உக்கார்ற வேல எல்லாம் கும்மிருட்டுலதான். ஆனா பைய அடுக்கறது ஹால்ல, லைட் போட்டு, எல்லாத்தையும் பாத்து அழகா. ஒரு ராத்திரி கராஜ்ல லைட்ட அணைச்சிட்டு உக்காந்து ரிலீஸ் (நாண இழுத்து விடற கருவி), க்ளவுஸ், வில்ல மேல இழுக்கற ஹால் லைன் கயிறு, வில் மாட்டற கொக்கி ஒவ்வொண்ணையும் தடவியே எடுங்க. முதல்ல வேணுங்கறது மேல, மான் விழுந்தப்புறம் வேணுங்கற கத்தியும் கயிறும் அடியில, ஒரு சாமானுக்கு ஒரு இடம்தான், சீசன் முழுக்க மாத்தாதீங்க. ஹெட்லேம்ப்புக்கு மாத்து பேட்டரி. போன் மட்டும் பைல வேண்டாம், ஜிப் வெச்ச நெஞ்சுப் பாக்கெட்ல.

சத்தம்

புது பரண்ல சங்கிலி, பக்கிள், வெல்க்ரோ எல்லாம் பேசும். தோட்டத்துல தாழ்வா கட்டி எழுந்து உக்காந்து திரும்பிப் பாருங்க, சத்தம் வர்ற இடத்துல எல்லாம் துணி டேப் சுத்துங்க.

போன வருஷம் மரத்துலயே விட்ட ஸ்ட்ராப்

தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க. வெயில்ல நூல் செத்திருக்கும், மரம் பெருத்து இழுத்திருக்கும், அணில் கடிச்சிருக்கும்.

எடைய தன் உடம்புக்கு மட்டும் பாக்கறது

நிறைய பரண்ல தாங்கற எடை 300 பவுண்டுன்னு போட்டிருக்கும். அது உங்க உடம்பு, பூட்ஸ், ஜாக்கெட், பை, வில் எல்லாம் சேத்து.

அரசாங்க நிலத்துல ஸ்க்ரூ போடற படி

மிச்சிகன்ல பொது நிலத்துல மரப்பட்டையத் துளைக்கற எதையும் மாட்டக் கூடாது, சட்டம். ஒவ்வொரு செப்டம்பரும் யாராவது ஒருத்தர் ஸ்க்ரூ படியா ஒரு செட் வாங்கிட்டு வந்து நிக்கறாங்க. ஸ்ட்ராப்ல கட்டி ஏறற ஸ்டிக் வாங்குங்க. அங்க விட்டுட்டு வர்ற பரண்ல பேர், அட்ரஸ் மாதிரி உங்க அடையாள விவரம் எழுதி ஒட்டுறதும் கட்டாயம், மழையில அழியாத மார்க்கர்ல, வீட்லயே எழுதிடுங்க.