கோகோ பவுடரா ராஜ்மாவா? ஒப்பிடும்போது எல்லோரும் சறுக்கும் இடங்கள்

100 கிராம் கோகோ பவுடரில் இரும்புச்சத்து கிட்டத்தட்ட 14 மில்லிகிராம், 100 கிராம் வேகவைத்த ராஜ்மாவில் 2 முதல் 3 மில்லிகிராம்தான், அதனால் கோகோதான் பெரிய சத்து என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். கணக்கில் தப்பில்லை. ஆனால் 100 கிராம் கோகோவை யார் சாப்பிடுகிறார்கள்? பாலில் ஒரு மேசைக்கரண்டி போடுவோம், அது 5 கிராம் இருக்கும். அதில் கிடைப்பது முக்கால் மில்லிகிராம் இரும்பு, 1 கிராம் புரதம், அவ்வளவுதான். ராஜ்மா அப்படியில்லை, சோற்றோடோ சப்பாத்தியோடோ வெந்தது ஒரு கப் சாதாரணமாக உள்ளே போய்விடும். ஒரு கப் என்றால் சுமார் 175 கிராம்: புரதம் 15 கிராம், இரும்பு 4 மில்லிகிராமை ஒட்டி, நார்ச்சத்து 11 கிராமுக்கு மேல்.

இதைவிடப் பெரிய குழப்பம், காய்ந்ததையும் வெந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. காய்ந்த ராஜ்மா 100 கிராமில் புரதம் 24 கிராம் வரை உண்டு, வெந்த பிறகு பார்த்தால் 9 கிராம்கூட இல்லை. புரதம் எங்கேயும் ஓடிவிடவில்லை, பயறு தண்ணீர் குடித்து இரண்டு மடங்குக்கு மேல் கனத்துவிட்டது. கோகோவோ காய்ந்த பொடி. எடைக்கு எடை பார்த்தே ஆக வேண்டுமென்றால் காய்ந்ததோடு காய்ந்ததை வையுங்கள். அப்போதும் மெக்னீசியத்தில் கோகோவை அடித்துக்கொள்ள முடியாது (500 மில்லிகிராமை ஒட்டி, ராஜ்மாவில் 140), புரதத்தில் ராஜ்மா கொஞ்சம் முந்தும், ஃபோலேட் என்ற பி வைட்டமினில் ரொம்பவே முந்தும்.

சரி, இரும்பு எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று, உடம்பு எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பது வேறு. கோகோவில் இருக்கும் பாலிஃபீனால்களும் ராஜ்மாவில் இருக்கும் ஃபைட்டேட்டும் தாவரங்களில் இயற்கையாக உள்ள பொருள்கள், இவை இரும்பை உடம்புக்கு முழுதாகக் கொடுக்காமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ராஜ்மாவிலாவது தக்காளி போட்டு, இறக்கியதும் எலுமிச்சை பிழிந்தால் வைட்டமின் சி கொஞ்சம் கைகொடுக்கும். பாலில் கலக்கிய கோகோவில் அதற்கும் வழியில்லை.

அப்புறம், கடையில் கோகோ என்று நினைத்து வாங்கும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சேர்பொருள்களில் முதல் பெயர் சர்க்கரை என்றால் அது பானப் பொடி, மேலே சொன்ன எண்கள் எதுவும் அதற்குப் பொருந்தாது. அல்கலி (மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான காரப்பொருள்) சேர்த்துப் பதப்படுத்திய கருநிறக் கோகோவில், கோகோவின் நல்ல பெயருக்குக் காரணமான ஃபிளவனால்கள் என்ற பாலிஃபீனால்கள் கணிசமாகக் குறைந்திருக்கும். கேக்குக்கு அருமை, சத்துக்காக வாங்குபவர்கள் அல்கலி சேர்க்காத இயற்கைக் கோகோவைத் தேடுங்கள்.

எண்களைப் பார்க்கும் அவசரத்தில் பலர் மறப்பது ராஜ்மாவைப் பக்குவம் செய்வதை. சரியாக வேகாத சிவப்பு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் சில மணி நேரத்திலேயே வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க விட்டு வேகவையுங்கள், குக்கர் இன்னும் நல்லது. குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடுவதுதான் ஆபத்து, அந்தச் சூடு லெக்டினை அழிக்கப் போதாது.

ராஜ்மா சிறுநீரக வடிவில் இருப்பதால் சிறுநீரகத்துக்கு நல்லது என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது, அதை நம்பி யாருக்கும் ஆக்கிப் போடாதீர்கள். ஒரு கப்பில் 700 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கும் சிறுநீரக நோயாளிகள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.