முடிவுப் பட்டியலில் வளரும் சதுரங்க வீரரை இனங்காண்பது எப்படி?

கொழும்பில் சதுரங்கச் சுற்றுப்போட்டியொன்றில் ஆடிவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பும் பிள்ளையிடம் நாம் முதலில் கேட்பது "எத்தனையாம் இடம்?" என்பதுதான். வளர்ந்துவரும் வீரரின் ஆட்டத்தை மதிப்பிட அந்த ஓர் எண் போதாது. யாரோடு ஆடி அந்தப் புள்ளிகள் வந்தன என்பதை முடிவுப் பட்டியலிலிருந்து படித்தறியப் பெற்றோரும் பொறுப்பாசிரியரும் பழகிக்கொள்ள வேண்டும்.

முதலில் போட்டி நடந்த முறையைக் கவனியுங்கள். திறந்த போட்டிகள் பெரும்பாலும் சுவிஸ் முறையில் நடப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறையச் சம புள்ளி பெற்றவர்களே எதிரெதிரே அமர்வார்கள். ஆகவே, தொடக்கத்திலிருந்தே வென்றுகொண்டு போகிறவருக்கு மேல்மேசைகளில் வலுவான எதிராளிகள் வாய்ப்பார்கள். முதலிரு ஆட்டங்களிலும் தோற்றவரோ பின்வரிசையில் இலகுவானவர்களை வென்று, கடைசியில் அதே புள்ளிக்கு வந்து சேரக்கூடும். சம புள்ளி பெற்றவர்களை வரிசைப்படுத்த உதவும் புக்ஹோல்ஸ் எனப்படும் சமன்முறிப்பு எண், எதிராளிகள் எடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகை என்பதால், இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து, அந்தப் போட்டியில் மட்டும் அவர் எந்தத் தரத்தில் ஆடினார் என்பதைக் கணக்கிடுங்கள். எதிராளிகளின் ரேட்டிங்கை, அதாவது அவர்களின் ஆட்டவலிமையைக் காட்டும் எண்ணை, கூட்டிச் சராசரி எடுத்து, பெற்ற புள்ளி வீதத்துக்கு உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் அட்டவணை தரும் எண்ணை அதனோடு சேர்க்க வேண்டும். மொத்தப் புள்ளிகளில் சரிபாதி எடுத்திருந்தால் சேர்ப்பதற்கு எதுவுமில்லை, சராசரியே விடை. ஒரு மாணவி சராசரி 1450 உள்ளவர்களோடு 7 சுற்றுகளில் 5 புள்ளி எடுத்தால் அவரது ஆட்டத்தரம் ஏறத்தாழ 1608. இன்னொருவர் சராசரி 1700 உள்ளவர்களோடு 4 புள்ளி மட்டும் எடுத்தாலும் அவருடையது 1750. பட்டியலில் கீழே நிற்கும் இரண்டாமவரே சிறப்பாக ஆடியிருக்கிறார். இந்திய வீரர் குகேஷ் 2022இல் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட்டிலும் 2024இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டிலும் 9 புள்ளிகளே எடுத்தார். சென்னையில் 11 ஆட்டங்களில் வந்த அந்தப் புள்ளிக்கு ஆட்டத்தரம் 2867. புடாபெஸ்டில் 10 ஆட்டங்களில், இன்னும் வலுவான எதிராளிகளோடு வந்த அதே புள்ளிக்கு 3056.

இக்கணக்கைத் தொடங்குமுன், எதிராளி வராததால் கிடைத்த வெற்றியையும், ஒரு சுற்றில் ஆடாமலே வழங்கப்படும் "பை" புள்ளியையும் நீக்கிவிடுங்கள். அவை ரேட்டிங்குக்குச் சேர்வதில்லை.

ரேட்டிங் ஏற்றத்தைப் பார்க்கும்போதும் நிதானம் வேண்டும். ரேட்டிங் 2300ஐ எட்டாத வீரருக்கு, 18 வயது நிறைவடையும் ஆண்டின் இறுதி வரை, ரேட்டிங் எவ்வளவு வேகமாக மாறும் என்பதைத் தீர்மானிக்கும் மாற்றக் குணகம் 40 ஆகும். 1500 உள்ள சிறுவன் 1700 உள்ளவரை வென்றால் ஒரே ஆட்டத்தில் ரேட்டிங் ஏறத்தாழ 30 ஏறும். சமநிலை செய்தாலே 10 கிடைக்கும். ஏறுவது போலவே இறங்குவதும் வேகமாக நடக்கும் என்பதால், ஒரு போட்டியின் பாய்ச்சலை வைத்துப் பட்டம் சூட்டிவிடாமல் அடுத்தடுத்த சில போட்டிகளையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

எண்கள் இவ்வளவுதான் சொல்லும். மிச்சத்தைப் பிள்ளை நகர்வுகளைக் குறித்த தாள் சொல்லும். என்னைக் கேட்டால், கிண்ணத்தைவிட அந்தத் தாளையே பத்திரப்படுத்த வேண்டும். நகர்வுக்குப் பக்கத்தில் மீதி நேரத்தையும் குறிக்கும் பழக்கமிருந்தால் இன்னும் நல்லது. பன்னிரண்டாம் நகர்வு வரை எழுத்து நேராக வந்து, அதற்குமேல் சரிந்து, ஒரே நகர்வுக்கு இருபது நிமிடம் போயிருந்தால், மனனம் செய்த தொடக்கம் அங்கே தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். ஒரு சிப்பாய் குறைந்த நிலையில், கோட்டைகள் மட்டும் எஞ்சிய இறுதியாட்டத்தை அறுபது நகர்வு வரை இழுத்துச் சமநிலை ஆக்கியிருந்தால், அந்த அரைப் புள்ளி எளிதாக வந்த பல வெற்றிகளைவிடக் கனதியானது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் கணக்கிலெடுக்க வேண்டும். இரவு ரயிலில் தூக்கமின்றிப் போய், விடிந்ததும் மேசைக்கு வருபவர் முதற் சுற்றில் தோற்றால், அதை மற்றத் தோல்விகளோடு ஒன்றாக நிறுத்துப் பார்ப்பது நியாயமன்று.

பாடசாலை அறிவித்தல் பலகையில் எழுதும்போதும் "ஏழாம் இடம்" என்று மட்டும் எழுதாமல், எந்தச் சுற்றில், எத்தனை ரேட்டிங் உள்ளவரோடு என்ன முடிவு என்பதை ஓரிரு வரிகளில் சேர்த்து, முடிந்தால் அந்த ஆட்டத்தின் நகர்வுகளையும் அருகில் ஒட்டிவிடுங்கள்.