பழைய ஹைலக்ஸில் டீசல் எஞ்சின்: என் அனுபவம்

கந்தப்பளையில் மரக்கறி ஏற்றும் எனது 1980ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வண்டியின் 1.6 லீற்றர் பெற்றோல் எஞ்சின் தேய்ந்துபோனபோது, டொயோட்டா அதே வரிசை வாகனங்களுக்குப் பொருத்திய 2.2 லீற்றர் ‘எல்’ டீசல் எஞ்சினையே தேர்ந்தெடுத்தேன். டீசல் ஹைலக்ஸுக்குரிய எஞ்சின் மவுண்ட், கியர்பொக்ஸ், ரேடியேட்டர் ஆகியவற்றையும் சேர்த்தே வாங்கியதால் சேசியை (வண்டியின் அடிச்சட்டத்தை) வெட்ட வேண்டியிருக்கவில்லை.

நான் மிகுந்த கவனம் செலுத்தியது பிரேக்கில்தான். பெற்றோல் எஞ்சினில் காற்று செல்லும் வழியைக் கட்டுப்படுத்தும் திரொட்டில் மூடும்போது உண்டாகும் வெற்றிடமே, பெடலை மிதிக்கும் விசையைப் பெருக்கும் பிரேக் பூஸ்டரை இயக்குகிறது. இந்த டீசல் எஞ்சினில் காற்று தடையின்றி உள்ளே செல்வதால் அந்த வெற்றிடம் கிடைப்பதில்லை. பூஸ்டர் இயங்காவிட்டால் பெடல் கல்லாக இறுகிவிடும்; றம்பொடை இறக்கத்தில் சுமையோடு இறங்கும் வாகனத்துக்கு அது உயிராபத்து. ஆகவே மின்சாரம் உற்பத்தி செய்யும் ஓல்டனேட்டரின் பின்புறம் வெற்றிடப் பம்ப் பொருந்திய வகையையே தேடி எடுத்து, அதற்கு எஞ்சின் ஒயில் வரும் குழாயையும் திரும்பும் குழாயையும் புதிதாக மாற்றி, பூஸ்டர் குழாயில் ஒருவழி வால்வு சரியாக இயங்குகிறதா என்றும் சோதித்தேன்.

எரிபொருள் தாங்கியைக் கழற்றிக் கழுவி, எரிபொருள் பம்பிலிருந்து தாங்கிக்கு மீளும் டீசலுக்குத் தனிக்குழாய் ஒட்டுவித்தேன். நுவரெலியாக் குளிரில், எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது உள்ளே சூடேற்றும் குளோ பிளக்குகள் இன்றியமையாதவை. அவை அதிக மின்னோட்டம் இழுப்பதால் தடித்த வயரும் பெரிய பற்றறியும் போட்டேன்.

எஞ்சின் இலக்கத்தையும் எரிபொருள் வகையையும் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் மாற்றிய பிறகே வண்டியைப் பாதைக்கு இறக்கினேன். இப்போது முழுச்சுமையோடும் ஏற்றங்களில் முன்னரைவிட இலகுவாக ஏறுகிறது.