கார்டு ஸ்டேட்மென்ட்டில் புரியாத அரசுப் பிடித்தம்: ஊர் கார்டோடு வெளிநாடு வந்தவர்களுக்கு

கோவையிலோ ஈரோட்டிலோ வாங்கிய கிரெடிட் கார்டைத்தான் புதிதாக வருபவர்களில் பலர் முதல் சில மாதம் தேய்க்கிறார்கள். பெரும்பாலும் அது அப்பாவின் கார்டோடு சேர்ந்த ஆட்-ஆன் கார்டாக இருக்கும். செலவு நடப்பது டொரன்டோவிலோ சிங்கப்பூரிலோ. ஸ்டேட்மென்ட் போய்ச் சேர்வது பெருந்துறை வீட்டுக்கு. மாதக் கடைசியில் போன் வரும்: "ஏங்கண்ணு, ஐஜிஎஸ்டின்னு நாலஞ்சு எடத்துல புடிச்சிருக்கறாங்களே, அது அந்த ஊரு கவருமெண்டா, நம்மூரு கவருமெண்டா?"

நம்மூர் அரசுதானுங்க. ஆனால் நீங்கள் வாங்கிய பொருளுக்கோ கட்டிய ஃபீஸுக்கோ போட்ட வரி அல்ல அது. வெளிநாட்டுப் பணத்தில் நடந்த செலவை ரூபாய்க்கு மாற்றித் தருவதற்கு வங்கி ஒரு கமிஷன் எடுக்கிறது. அதற்கு ஃபாரின் கரன்சி மார்க்கப் என்று பெயர். பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம் வரை இருக்கும். அந்தக் கமிஷன் மீது மட்டும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மஞ்சள் மண்டிச் சிட்டை பார்த்துப் பழகிய வீடுகளில் இப்படிச் சொன்னால் உடனே விளங்கும்: சரக்கின் விலை வேறு, மண்டிக்காரர் கமிஷன் வேறு. இந்த வரி கமிஷனோடு நின்றுவிடுகிறது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். அமெரிக்காவுக்கு எஃப்-1 விசாவில் படிக்கப் போகிறவர் கட்டும் செவிஸ் கட்டணம் (வெளிநாட்டு மாணவர் பதிவுக்கு அமெரிக்க அரசு வாங்குவது) 350 டாலர். கணக்குக்காக டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 29,750 ரூபாய். மார்க்கப் 3.5 சதவீதம் என்றால் 1,041 ரூபாய் 25 காசு. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 187 ரூபாய் 43 காசு. ஆக, அமெரிக்க அரசுக்குப் போனது 29,750, வங்கிக்கு 1,041.25, இந்திய அரசுக்கு 187.43. இந்த மூன்றும் ஸ்டேட்மென்ட்டில் ஒன்றுக்கு அடியில் ஒன்றாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மார்க்கப் இரண்டு மூன்று நாள் தள்ளி ஏறலாம். ஜிஎஸ்டி மட்டும் அடுத்த மாதத்து ஸ்டேட்மென்ட்டுக்குப் போய்விடுவதும் உண்டு. எதற்கு எது என்று தெரியாமல் போவது இதனால்தான்.

புரியாத ஜிஎஸ்டி வரியைப் பார்த்தால் அந்தத் தொகையை 100ஆல் பெருக்கி 18ஆல் வகுங்கள். 180 ரூபாய் என்றால் 1,000 வரும். 1,000 ரூபாய்க்கு ஏதாவது வங்கிக் கட்டணம் அந்த ஸ்டேட்மென்ட்டிலோ முந்தையதிலோ இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரே தொகையாக இல்லாவிட்டால் இரண்டு மூன்று கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள். சில பைசா வித்தியாசம் வந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

அப்படியும் பொருந்தவில்லையென்றால் அது வட்டிக்கான வரியாக இருக்கலாம். வீட்டுக் கடன், நகைக் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. கிரெடிட் கார்டு வட்டிக்கு உண்டு. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு மீதியை விட்டிருந்தால் வட்டி, வட்டிக்கு 18 சதவீதம் என்று ஓடும். தாமதக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், இஎம்ஐ-யின் வட்டி எல்லாவற்றுக்கும் இதே விகிதம்தான். வெளிநாட்டு ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பது இருப்பதிலேயே மோசம். பணம் எடுக்கும் கட்டணம், மார்க்கப், எடுத்த நாளிலிருந்தே வட்டி, மூன்றுக்கும் வரி. அவசரமென்றாலும் தவிர்த்துவிடுங்கள்.

ஒருவருக்கு ஐஜிஎஸ்டி 18 என்றும் இன்னொருவருக்கு சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9 என்றும் வருவதில் வித்தியாசம் ஒன்றுமில்லை. வங்கியின் பதிவு தமிழ்நாட்டில் இருந்து உங்கள் முகவரியும் தமிழ்நாடு என்றால் மத்திய அரசுக்கு, மாநில அரசுக்கு என்று இரண்டாகப் பிரியும். வங்கி வேறு மாநிலத்தில் பதிவு என்றால் ஒன்றாக வரும்.

சிங்கப்பூர் வந்தவர்களுக்கு ஒரு தனிக் குழப்பம். அங்கேயும் ஜிஎஸ்டி என்றே பெயர். 2024 ஜனவரி முதல் 9 சதவீதம். ஆஸ்திரேலியாவில் 10, கனடாவில் கூட்டாட்சி ஜிஎஸ்டி 5. கடை பில்லில் ஒரு ஜிஎஸ்டி, ஊர் ஸ்டேட்மென்ட்டில் இன்னொரு ஜிஎஸ்டி என்று பார்த்ததும் இரட்டை வரி போட்டுவிட்டார்கள் என்று வங்கியோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. கடை பில்லில் இருப்பது அந்த நாட்டு அரசின் வரி, பொருளின் விலையோடு சேர்ந்தே போய்விடும். ஸ்டேட்மென்ட்டில் தனியாக வருவது நம்மூருடையது.

கார்டு மெஷின் "ரூபாயில் கட்டுகிறீர்களா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் கட்டினால் மாற்று விகிதத்தைக் கடைக்காரர் தரப்பு வைக்கும். அது பெரும்பாலும் நமக்கு நட்டம். அதற்கு மேல் பல இந்திய வங்கிகள் தனிக் கட்டணம் போட்டு அதற்கும் ஜிஎஸ்டி எடுக்கும். வெளிநாட்டில் பதிவான நிறுவனத்தின் இணையதளத்தில் ரூபாய் விலை போட்டிருந்தாலும் இதே கட்டணம் விழலாம். ஊரில் வீட்டை விட்டு நகராத அம்மாவின் கார்டிலும் இது தலைகாட்டுவது அப்படித்தான்.

டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி, பற்றியும் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருந்தபடி கிரெடிட் கார்டில் செய்யும் செலவுக்கு டிசிஎஸ் பிடிப்பதை 2023 ஜூனிலேயே மத்திய அரசு தள்ளிவைத்தது. வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பும் பணம், ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றும் பணம் ஆகியவற்றுக்குத்தான் வரம்பு தாண்டினால் பிடிப்பார்கள். பிடித்தது, பணம் அனுப்பிய அப்பாவின் பான் எண்ணில் வருமான வரித்துறைப் பதிவில் ஏறியிருக்கும். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

இனி, உண்மையிலேயே கவனிக்க வேண்டிய இடம். அரசுக் கட்டணம் கட்டிய அதே நாளில், நீங்கள் கேள்விப்படாத பெயரில் இன்னொரு தொகை போயிருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். அமெரிக்காவில் வரியைக் கார்டில் கட்டினால், பணத்தை வாங்கித் தரும் தனியார் நிறுவனத்தின் சேவைக் கட்டணம் ஸ்டேட்மென்ட்டில் தனிப் பிடித்தமாக வரும். அது முறையானது, கட்டும் முன்பே திரையில் காட்டியிருப்பார்கள். இன்னொன்று, அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தரகர் தளம். தேடலில் மேலே வரும் விளம்பரத்தைத் தட்டினால் அங்கே போய் மாட்டிக்கொள்வீர்கள். முகவரியின் முடிவைப் பாருங்கள்: பெரும்பாலும் அமெரிக்காவுக்கு டாட் ஜிஓவி, பிரிட்டனுக்கு டாட் ஜிஓவி டாட் யூகே, சிங்கப்பூருக்கு டாட் ஜிஓவி டாட் எஸ்ஜி. செவிஸ் கட்டணத்துக்கான fmjfee.com போல விதிவிலக்கும் உண்டு; அங்கே அரசுத் தளத்தில் இருக்கும் இணைப்பு வழியாகவே போங்கள்.

நீங்கள் செய்யாத செலவு என்று உறுதியானால் அன்றே கார்டைப் பூட்டி, வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, புகார் எண் வாங்கி வையுங்கள். தள்ளிப்போட்டால் நட்டத்தில் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு கூடலாம். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலேயே மனு போடலாம், கட்டணமில்லை. ஆட்-ஆன் கார்டென்றால் புகார் செய்ய வேண்டியவர் பெரும்பாலும் முதன்மைக் கார்டுக்காரரான அப்பாதான். அதனால் ஒவ்வொரு அரசுக் கட்டணத்தின் ரசீதையும் நாள், வெளிநாட்டுப் பணத்தில் தொகை, எதற்கு என்ற மூன்றும் தெரியும்படி அன்றன்றே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.